நிறுவிய மென்பொருள் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது? உபுண்டு கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு கையேடு

திருகோணமலையில் ஒரு பாடசாலைக் கணினி அறையையோ தனியார் வகுப்பையோ பார்த்துக்கொள்பவருக்கு இந்தச் சிக்கல் என்றாவது ஒரு நாள் வரும். பழைய கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 25 ஜிபி ஒதுக்கி உபுண்டு போட்டிருப்பார்கள். கொஞ்சக் காலம் போனதும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்து நிற்கும். அவசரத்தில் யாராவது பெரிதாகத் தெரிந்த ஒரு கோப்புறையை அழித்துவிடுவார்கள். இடம் கிடைத்துவிடும், ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) எதையும் நிறுவாது. எதை அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்திருந்தால் இது நடக்காது.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம். சொல்லாத இடத்தில் எல்லாம் சின்ன எழுத்து.

ஆப்ட் போன்ற ஒரு பொதி மேலாளர், மென்பொருளைப் பொதி பொதியாக இறக்கி நிறுவும். எந்தப் பொதி மேலாளரை எடுத்தாலும் அது மூன்று வகைப் பொருளை வைத்திருக்கும். மத்திய வீதியில் உள்ள ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் ஸ்டோரில் பெட்டிகள், முன்னால் தட்டுகளில் பிரித்து அடுக்கிய சாமான், மேசையில் கணக்குக் கொப்பி. இணையத்திலிருந்து இறக்கிய பொதி பெட்டியில் இருப்பது. பிரித்து டிஸ்க்கில் பரப்பிய கோப்புகள் தட்டில் இருப்பவை. எந்தப் பொதி எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்ற பதிவேடு கணக்குக் கொப்பி. பெட்டிகளை எப்போது வேண்டுமானாலும் எறியலாம். தட்டில் உள்ளதைப் பொதி மேலாளர் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும். பதிவேட்டில் கை வைக்கவே கூடாது.

ஆப்ட் இறக்கியவை

ஆப்ட் இறக்கும் .டெப் கோப்புகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் என்ற இடத்தில் சேரும். பாதியில் நிற்பவை அதற்குள் இருக்கும் ‘பார்ஷியல்’ கோப்புறையில் கிடக்கும். அதனால்தான் ரவுட்டர் நின்று திரும்ப வந்தாலும் விட்ட இடத்திலிருந்து இறக்கம் தொடர்கிறது. எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க (‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது):

‘சூடோ டியூ -எஸ்எச் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்’

‘சூடோ ஆப்ட் கிளீன்’ என்றால் அங்கே உள்ள .டெப் கோப்புகள் எல்லாம் போய்விடும். நிறுவிய மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ‘சூடோ ஆப்ட் ஆட்டோகிளீன்’ என்றால் களஞ்சியத்தில் (ஆப்ட் பொதிகளை இறக்கும் இணைய இடம்) இனிமேல் கிடைக்காத பழைய பதிப்புகள் மட்டும் போகும்.

‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளை, நிறுவி முடிந்ததும் இறக்கிய .டெப்பைத் தானாகவே அழித்துவிடும். ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ அழிக்காது, வைத்துக்கொள்ளும். 16.04 பதிப்பிலிருந்தே உபுண்டுவில் இந்த வேறுபாடு இருக்கிறது. ஆகவே ஒரு கணினியில் இறக்கியதை மற்றக் கணினிகளுக்கும் கொண்டுபோக நினைத்தால் ஆப்ட்-கெட்டைப் பயன்படுத்துங்கள்.

/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் என்பது வேறு. களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்கள் அங்கே கிடக்கும். அதை அழித்தாலும் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ போட்டதும் திரும்ப வந்துவிடும். ஆனால் அவ்வளவையும் மறுபடி இறக்க டேட்டா செலவாகும். அழித்து மிஞ்சும் இடம் அதற்கு ஈடாகாது.

பரப்பியவை

ஒரு பொதியைப் பிரித்தால் அதன் கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்காது. விண்டோஸில் பழகியவர்களுக்கு இதுதான் முதல் குழப்பம். இயக்கும் கோப்பு /யூஎஸ்ஆர்/பின் என்பதற்குள் போகும், நூலகங்கள் /யூஎஸ்ஆர்/லிப் என்பதற்குள். படம், எழுத்துரு, உதவிக் குறிப்பு போன்றவை /யூஎஸ்ஆர்/ஷேர் என்பதற்குள்ளும், நீங்கள் மாற்றக்கூடிய அமைப்புக் கோப்புகள் /இடிசி என்பதற்குள்ளும் போகும். லினக்ஸ் உலகம் ஒத்துக்கொண்ட அடைவு ஒழுங்கு இது. அதன் 3.0 பதிப்பு 2015 இல் வந்தது.

கண்ணால் பார்க்க ஒரு சின்னப் பொதி போதும். தமிழ் எழுத்துருவான லோஹித் தமிழை எடுத்து, ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டீபிகேஜி என்ற கருவியிடம் கேளுங்கள்:

‘டீபிகேஜி -எல் ஃபொன்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’

இதில் ‘எல்’ பெரிய எழுத்து. சின்ன எல் போட்டால் பொதியின் பெயரும் நிலையும்தான் வரும், கோப்புகள் வராது. பெரிய எல் போட்டால் அந்தப் பொதி வைத்த ஒவ்வொரு கோப்பும் முழுப் பாதையோடு வரிசையாக வரும். எழுத்துருக் கோப்பு /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபொன்ட்ஸ்/ட்ரூடைப் என்பதற்குள் இருப்பதையும், உரிமக் குறிப்பு /யூஎஸ்ஆர்/ஷேர்/டொக் என்பதற்குள் இருப்பதையும் காணலாம்.

மறுபக்கமாகக் கேட்பதுதான் கூடப் பயன்படும். ஒரு கோப்பைக் காட்டி ‘இது யாருடையது?’ என்று கேட்க ‘டீபிகேஜி -எஸ்’ போட்டு, அதன் பிறகு முழுப் பாதையைக் கொடுங்கள் (‘எஸ்’ பெரிய எழுத்து). எந்தப் பொதிக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால், அது யாரோ கையால் வைத்ததாகவோ வேறொரு மேலாளர் வைத்ததாகவோ இருக்கலாம். ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள். பழைய பதிப்புகளில் ‘எல்எஸ்’ கட்டளை /பின் என்பதற்குள் இருப்பதாகப் பதிவாகியிருக்கும். /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின் என்பதற்கான வெறும் இணைப்புத்தான். அதனால் /யூஎஸ்ஆர்/பின் என்று கேட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும், /பின் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

சார்புப் பொதிகளுக்கு (ஒரு மென்பொருள் ஓடத் தேவைப்படும் மற்றப் பொதிகள்) ஆப்ட் தனி இடம் எதுவும் வைப்பதில்லை. ஒரு நூலகம் பத்து மென்பொருளுக்குத் தேவைப்பட்டாலும் டிஸ்க்கில் ஒரே பிரதிதான் இருக்கும். நீங்கள் கேட்டு வந்தது எது, இன்னொன்றுக்காகத் தானாக வந்தது எது என்பது /வார்/லிப்/ஆப்ட்/எக்ஸ்டென்டெட்_ஸ்டேட்ஸ் என்ற கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது: தானாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றை எடுத்துவிடும். ‘ஒய்’ தட்டும் முன் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். வைத்திருக்க வேண்டிய ஒன்று அதில் இருந்தால் ‘சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்’ போட்டு அதன் பெயரைக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

‘ரிமூவ்’ போட்டால் /இடிசி என்பதற்குள் உள்ள அமைப்புக் கோப்புகள் அப்படியே இருக்கும். ‘டீபிகேஜி -எல்’ (சின்ன எல்) பட்டியலில் ‘ஆர்சி’ என்று தொடங்கும் வரிகள் அப்படிப்பட்டவை. முற்றாகப் போக வேண்டுமென்றால் ‘பர்ஜ்’ போடுங்கள். இதனால் இடம் பெரிதாக மிஞ்சாது. பழைய அமைப்பு புதிய நிறுவலைக் குழப்பக்கூடாது என்பதற்காகவே பர்ஜ்.

ஏற்கெனவே யாரோ கையால் அழித்துவிட்டார்களா? ‘சூடோ டீபிகேஜி --வெரிஃபை’ போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வரியும் வராது. காணாமற்போன கோப்புகள் ‘மிஸ்ஸிங்’ என்று வரும். அவற்றின் பொதியை ‘டீபிகேஜி -எஸ்’ மூலம் கண்டுபிடித்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்’ செய்தால் திரும்ப வந்துவிடும். /இடிசி என்பதற்குள் உள்ளவை மட்டும் விதிவிலக்கு. நீங்கள் வேண்டுமென்றே அழித்ததாக டீபிகேஜி எடுத்துக்கொள்வதால் மறுபடி நிறுவினாலும் அவை வராது. அந்தக் கட்டளையில் ‘-ஓ டீபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கன்ஃப்மிஸ்’ என்று சேர்த்தால்தான் வரும். இதில் ‘டீபிகேஜி’, ‘ஆப்ஷன்ஸ்’ இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்து.

பதிவேடும் கரண்ட் வெட்டும்

/வார்/லிப்/டீபிகேஜி தான் பதிவேடு. அதில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே கோப்பில் எல்லாப் பொதிகளின் நிலையும் எழுதியிருக்கும். ‘இன்ஃபோ’ கோப்புறையில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு .லிஸ்ட் கோப்பு இருக்கும். இவற்றை அழித்தால் இடம் அதிகம் மிஞ்சாது, ஆனால் கணினிக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நிற்பது நம் பக்கத்தில் சாதாரணம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் அந்த நேரம் பெரிய அப்கிரேட் எதையும் தொடங்காதீர்கள். நின்றுவிட்டால் இந்த ஒழுங்கில் போங்கள்:

1. ‘சூடோ டீபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’. பிரித்துவைத்து அமைத்து முடிக்காத பொதிகளை இது முடிக்கும். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

2. சார்பு குறைகிறது என்று சொன்னால் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’.

3. ‘ஃபைல்ஸ் லிஸ்ட் ஃபைல்... மிஸ்ஸிங் ஃபைனல் நியூலைன்’ என்று வந்தால் அந்தப் பொதியின் .லிஸ்ட் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. செய்தியிலேயே பொதியின் பெயர் இருக்கும். ‘இன்ஃபோ’ கோப்புறையிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பொதியை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். புதிய பட்டியல் எழுதப்பட்டுவிடும்.

4. ஸ்டேட்டஸ் கோப்பே பழுதாகியிருந்தால் பக்கத்தில் ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ இருக்கும். அதைக் கொப்பி பண்ணி ‘ஸ்டேட்டஸ்’ என்ற பெயரில் வையுங்கள். அதுவும் சரியில்லையென்றால் /வார்/பேக்கப்ஸ் என்பதற்குள் ‘டீபிகேஜி.ஸ்டேட்டஸ்.0’ என்றும், அதற்கு முந்தியவை சுருக்கிய கோப்புகளாகவும் கிடக்கும். பழைய பிரதியை வைத்தால் அதற்குப் பின் நிறுவியவை பதிவேட்டில் இருக்காது. /வார்/லொக்/டீபிகேஜி.லொக் கோப்பில் திகதியோடு எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து விடுபட்டவற்றை மறுபடி நிறுவுங்கள்.

பூட்டைப் பெற முடியவில்லை என்று ஆப்ட் செய்தி காட்டினால் ‘லொக்-ஃப்ரன்ட்என்ட்’ பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை நிறையப் பரவியிருக்கிறது. அதைக் கேட்காதீர்கள். பூட்டு என்பது அந்தக் கோப்பு இருப்பது அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல் அதைப் பிடித்திருப்பதுதான். கோப்பை அழித்தால் அந்தச் செயல் நிற்காது. நீங்கள் இன்னொன்றைத் தொடங்க, இரண்டும் ஒரே பதிவேட்டில் எழுதப் போகும். கணினியைப் போட்டவுடன் இந்தச் செய்தி வந்தால் பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பித்தல்தான் ஓடிக்கொண்டிருக்கும். புதிய பதிப்புகளில் பிடித்திருக்கும் செயலின் இலக்கமும் பெயரும் செய்தியிலேயே வரும். ஆறுதலாக இருங்கள், முடிந்ததும் விடும்.

ஒருமுறை இறக்கி எல்லாக் கணினிக்கும் போடுவது

இருபது கணினி உள்ள அறையில் இருபது தடவை ஒரே பொதியை இறக்குவது டேட்டாவை வீணாக்குவது. இரண்டு வழி இருக்கிறது.

அறைக்குள் நெட்வேர்க் இருந்தால் ஒரு கணினியில் ‘ஆப்ட்-கேஷர்-என்ஜி’ பொதியை நிறுவுங்கள். அது 3142 ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இறக்கியவற்றை /வார்/கேஷ்/ஆப்ட்-கேஷர்-என்ஜி என்பதற்குள் வைத்துக்கொள்ளும். மற்றக் கணினிகள் ஒவ்வொன்றிலும் /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கன்ஃப்.டி என்பதற்குள் ‘00புரொக்ஸி’ என்ற கோப்பை உண்டாக்கி இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

அக்வயர்::எச்டிடிபி::புரொக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";
அக்வயர்::எச்டிடிபிஎஸ்::புரொக்ஸி "டைரெக்ட்";

‘அக்வயர்’, ‘புரொக்ஸி’ இரண்டுக்கும் முதலெழுத்து பெரியது, ‘டைரெக்ட்’ முழுவதும் பெரிய எழுத்து. முடிவில் அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் ஓடாது. 192.168.1.10 என்ற இடத்தில் இறக்கியவற்றைச் சேர்த்து வைக்கும் உங்கள் கேஷ் கணினியின் முகவரியைப் போடுங்கள். ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டரை நிறுத்திப் போட்ட ஒரு நாளில் முகவரி மாறி எல்லாக் கணினியிலும் அப்டேட் பிழை காட்டும். இரண்டாவது வரி எதற்கு? எச்டிடிபிஎஸ் வழியாக வரும் வெளிக் களஞ்சியங்களை இந்தக் கேஷ் தன் இயல்பு அமைப்பில் விடாது, 403 பிழை காட்டும். அவை நேரே போகட்டும் என்பதற்கே அந்த வரி. வீட்டுக்குக் கொண்டுபோகும் லேப்டொப்பில் இந்தக் கோப்பை வைக்காதீர்கள். அறைக்கு வெளியே அது அந்த முகவரியைத் தேடித் தேடி நிற்கும்.

மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கம் இணையமே இல்லாத கணினிக்கு பென்ட்ரைவில் கொண்டுபோவதென்றால் ‘சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி’ போட்டு இறக்கி, ஆர்கைவ்ஸில் உள்ள .டெப் கோப்புகளைக் கொப்பி பண்ணலாம். பெயருக்கு நடுவே ‘%3ஏ’ என்று இருந்தால் மாற்ற வேண்டாம். பதிப்பு எண்ணில் உள்ள முக்காற்புள்ளியை ஆப்ட் அப்படித்தான் எழுதும். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தக் கோப்புறைக்குள் நின்று ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்’ போடுங்கள். ‘./’ இல்லாவிட்டால் கோப்பு என்று எடுக்காமல், அந்தப் பெயரில் பொதியைத் தேடும். முடிவில் ‘அன்சேண்ட்பாக்ஸ்டு’ என்று ஒரு குறிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அது பிழை அல்ல.

இந்த வழி சரிவராமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. நகரத்துக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சார்புகளை ஆப்ட் மறுபடி இறக்காது. அங்கே இருந்து மூதூர்க் கணினியில் இல்லாத நூலகம் பென்ட்ரைவில் வந்திருக்காது. ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற கருவி இதற்காகவே எழுதப்பட்டது. அதன் ‘செட்’ கட்டளை, இணையம் இல்லாத கணினியில் தேவைப் பட்டியல் ஒன்றை எழுதித் தரும். இணையம் உள்ள இடத்தில் ‘கெட்’ அதைப் பார்த்து இறக்கும். திரும்ப வந்து ‘இன்ஸ்டால்’ போட்டால் இறக்கியவை ஆப்ட்டின் கேஷுக்குள் போய்ச் சேரும். அதற்குப் பிறகு வழக்கம்போல் ஆப்ட் இன்ஸ்டால் போடலாம். எந்த வழியானாலும் இரண்டு கணினியிலும் உபுண்டுப் பதிப்பும் செயலி வகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிப்

பிப் என்பது பைத்தன் மொழியின் பொதி மேலாளர். பைத்தன் பொதிகள் நான்கு இடங்களில் இருக்கலாம். குழப்பம் எல்லாம் அதிலிருந்துதான். ஆப்ட் போட்டவை /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தன்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் என்பதற்குள் இருக்கும். சூடோவோடு பிப் போட்டவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்பதற்குள், சூடோ இல்லாமல் போட்டவை உங்கள் ஹோமில் ~/.லோக்கல்/லிப் என்பதற்குள். வென்வ் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தன் கோப்புறை) உண்டாக்கியிருந்தால் அந்தக் கோப்புறைக்குள்ளேயே ‘சைட்-பேக்கேஜஸ்’ என்பதில்.

சூடோ பிப் ஏன் ஆபத்து? பைத்தன் ஒரு நூலகத்தைத் தேடும்போது /யூஎஸ்ஆர்/லோக்கலை முதலில் பார்க்கிறது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைத்தனில் எழுதப்பட்டவை. அவை எதிர்பார்த்த பதிப்புக்குப் பதிலாக நீங்கள் போட்டது கையில் கிடைத்ததும் உடைந்துவிடும். 2023 இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரன்மென்ட்’ என்று பிப் மறுப்பது இதனால்தான். ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போட்டு அந்த மறுப்பைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ‘பைத்தன்3 -எம் வென்வ்’ போட்டுத் தனிக் கோப்புறை உண்டாக்குங்கள். ‘என்ஷுர்பிப் இல்லை’ என்று சொன்னால் ‘பைத்தன்3-வென்வ்’ பொதியை ஆப்ட் மூலம் நிறுவ வேண்டும், உபுண்டுவில் அது தனிப் பொதி.

வென்வ் கோப்புறையைக் கொப்பி பண்ணி இன்னொரு மாணவரின் கணினியில் வைத்தால் வேலை செய்யாது. அதன் ‘பின்’ கோப்புறையில் உள்ள பிப் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள்: பழைய கணினியின் முழுப் பாதை அங்கே எழுதியிருக்கும். வென்வை அங்கேயே புதிதாக உண்டாக்குவதுதான் வழி. இங்கே ‘பிப் ஃப்ரீஸ்’ மூலம் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து, ‘பிப் டவுன்லோட்’ மூலம் ஒரு கோப்புறையில் இறக்கி, அங்கே ‘--நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொடுத்து நிறுவினால் இணையமே தேவையில்லை. பைத்தன் பதிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

பிப்பின் கேஷ் ~/.கேஷ்/பிப் என்பதற்குள் இருக்கும். ‘பிப் கேஷ் பர்ஜ்’ போட்டால் போய்விடும்.

என்பிஎம்

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் வேறு மாதிரி. ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் ‘நோட்_மொட்யூல்ஸ்’ என்று தனிக் கோப்புறை, அதற்குள் சார்புகள் எல்லாம். பத்து மாணவர்கள் ஒரே கணினியில் ஒரே பயிற்சியைச் செய்தால் பத்துப் பிரதி. முடித்த திட்டங்களில் அந்தக் கோப்புறையைத் தயங்காமல் அழியுங்கள். ‘பேக்கேஜ்-லொக்.ஜேசன்’ கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். அது இருந்தால் ‘என்பிஎம் சிஐ’ அதே பதிப்புகளைத் திரும்பக் கொண்டுவரும். ஒருமுறை இறக்கியவை ~/.என்பிஎம்/_கேகேஷ் என்பதற்குள் இருப்பதால் ‘--ப்ரிஃபர்-ஆஃப்லைன்’ சேர்த்தால் டேட்டாவும் மிஞ்சும். ஆகவே கணினி அறையில் இந்தக் கேஷை வைத்துக்கொண்டு நோட்_மொட்யூல்ஸை அழிப்பதே சரி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

‘டிஎஃப் -எச்’ இடம் இருப்பதாகக் காட்டியும் ‘நோ ஸ்பேஸ்’ வந்தால் ‘டிஎஃப் -ஐ’ போட்டுப் பாருங்கள். உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறையான இஎக்ஸ்டி4, 16 கிலோபைட்டுக்கு ஒரு ஐநோட் (ஒரு கோப்பின் விவரத்தை வைக்கும் பதிவு) ஒதுக்கும். 25 ஜிபியில் அது ஏறக்குறைய 16 இலட்சம். ஒவ்வொரு கோப்பும் அடைவும் ஒன்றைப் பிடிக்கும். நோட்_மொட்யூல்ஸ் முழுக்கச் சின்னஞ்சிறு கோப்புகள் என்பதால் இடம் தீரும் முன் எண்ணிக்கை தீர்ந்துவிடும்.

எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்த பென்ட்ரைவில் வைத்தபடியே திட்டத்தை ஓட்டவும் முடியாது. நோட்_மொட்யூல்ஸுக்குள் உள்ள ‘.பின்’ கோப்புறை முழுக்கக் குறியீட்டு இணைப்புகள் (வேறொரு கோப்பைச் சுட்டுபவை), எக்ஸ்ஃபாட் அவற்றை ஏற்காது. ஹோமுக்குக் கொப்பி பண்ணி, அங்கே நிறுவுங்கள்.

இடம் மிகவும் குறைவென்றால் என்பிஎம்முக்குப் பதிலாக ‘பிஎன்பிஎம்’ என்ற கருவி நல்லது. ஒரு பயனர் கணக்கில் ஒரு பிரதியை மட்டும் டிஸ்க்கிலேயே உள்ள தன் களஞ்சியத்தில் வைத்து, திட்டங்களுக்குள் வன் இணைப்புகளை (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடும். களஞ்சியமும் திட்டங்களும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால்தான் இந்த ஆதாயம். வேறு பார்ட்டிஷன் என்றால் கொப்பி பண்ணத் தொடங்கிவிடும்.

ஸ்னாப்

ஸ்னாப் என்பது உபுண்டுவில் ஆப்ட்டோடு கூட இருக்கும் இன்னொரு பொதி முறை. /வார்/லிப்/ஸ்னாப்டி/ஸ்னாப்ஸ் என்பதற்குள் .ஸ்னாப் கோப்புகள் கிடக்கும், அவை /ஸ்னாப் என்பதற்குள் மவுன்ட் ஆகும். ‘டிஎஃப்’ பட்டியலில் லூப் வரிகள் 100% என்று காட்டுவது இவற்றைத்தான். எழுத முடியாதபடி சுருக்கிய கோப்புகள் என்பதால் எப்போதும் அப்படியே இருக்கும், கவலை வேண்டாம். புதுப்பித்த பிறகும் பழைய பதிப்பு ஒன்று தங்கியிருக்கும். ‘ஸ்னாப் லிஸ்ட் --ஆல்’ போட்டால் ‘டிஸேபிள்டு’ என்று அதைக் காணலாம். ‘சூடோ ஸ்னாப் ரிமூவ்’ போட்டுப் பெயரையும் ‘--ரிவிஷன்’ எண்ணையும் கொடுத்து அதை மட்டும் எடுக்கலாம். கோப்பைக் கையால் அழித்தால், ஸ்னாப்களைக் கவனிக்கும் பின்னணிச் செயலான ஸ்னாப்டி அதைத் தேடிப் பிழை காட்டிக்கொண்டிருக்கும்.

டிஸ்க் முற்றாக நிரம்பிய கணினியில் தொடங்க வேண்டியது ‘சூடோ ஆப்ட் கிளீன்’. அதற்கு இறக்கமும் தேவையில்லை, காலி இடமும் தேவையில்லை. அடுத்து ‘சூடோ ஜேர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ (‘எம்’ பெரிய எழுத்து; கணினியின் பழைய பதிவுக் குறிப்புகளைக் குறைக்கும்), பிறகு பழைய ஸ்னாப்கள், பிப் கேஷ், முடித்த திட்டங்களின் நோட்_மொட்யூல்ஸ். ஆட்டோரிமூவ் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் பழைய கேர்னலை (இயக்க முறைமையின் மையப் பகுதி) எடுக்கும்போது டீபிகேஜிக்கு எழுதக் கொஞ்சமாவது இடம் வேண்டும். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து அதுதான் நிரம்பியிருந்தால் மேலே உள்ளவை எதுவும் உதவாது. நேரே ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ போடுங்கள். ‘யூநேம் -ஆர்’ காட்டும் கேர்னல் இப்போது ஓடிக்கொண்டிருப்பது, அது அழிக்கும் பட்டியலில் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு ‘ஒய்’ தட்டுங்கள்.